சதவீதம் அத்தானின் சிவப்புக் கோடு

என் அக்காவின் கணவருக்கு அவர் வேலை செய்யும் பெயிண்ட் கம்பெனியில் வைத்திருக்கும் பெயர் ‘சதவீதம்’. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும், அதில் எண்பது சதவீதம் பேர் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். மழை வருமா என்று கேட்டால் அறுபத்தைந்து என்பார். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குத் தொண்ணூற்று இரண்டு என்றாராம். மீதி எட்டு எங்கே போயிற்று என்று அக்கா பதினான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டின்னில் அடைபடும் பெயிண்ட் சரியான கெட்டியில் இருக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை பார்ப்பதுதான் அத்தானின் வேலை. கலவைத் தொட்டியிலிருந்து ஒருவர் குப்பியில் பிடித்து வந்து தருவார். அத்தான் அதை இரண்டு நிமிடம் குலுக்குவார். பிறகு அடியில் துளை போட்ட ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒழுகி முடிய எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கிடுவார். சுவரில் கட்டம் போட்ட தாள் தொங்கும். அதில் ஒரு புள்ளி வைப்பார். தாளின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் முதல் வேலை, சாம்பிளைத் திரும்ப எடுப்பது. அப்போதும் தாண்டினால் மெஷினை நிறுத்துவது. இருபது வருடத்தில் ஒன்பது முறை அவர் மெஷினை நிறுத்தியிருக்கிறார். ஒன்பது கதையும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் குப்பி பிடித்து வந்த ஆளுக்குத் திட்டு விழும். “கலக்காத சாம்பிள் பொய் சொல்லும்” என்பது அத்தான் உலகத்துக்கு வழங்கிய வாக்கியம்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் எங்கள் அப்பாவின் நுரையீரல் போய்ச் சேர்ந்தது.

அப்பா ஒரு சினிமா தியேட்டரில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்தவர். இருட்டில் டார்ச் அடித்து ஆட்களை நாற்காலிக்குக் கூட்டிப் போனவர். இடைவேளைகளில் பின்வாசலில் நின்று சிகரெட் பிடித்தவர். ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் நுரையீரலில் புற்று என்றார்கள், அதிலும் வேகமாக வளரும் ரகம். அந்த ரகத்தில் புற்றுச் செல்கள் ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கசியவிடுமாம். ரத்தம் எடுத்து அதன் அளவைப் பார்த்தால் நோய் அடங்குகிறதா, கிளம்புகிறதா என்று ஓரளவு தெரியுமாம். அந்தப் புரதத்தின் நீளமான பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதையும் சுருக்கி ‘எண்’ என்றோம்.

பதினாறுக்குள் இருந்தால் நல்லது. அப்பாவுக்கு முதலில் எண்பத்தெட்டு இருந்தது. கடுமையான மருந்துகள் ஏற்றியதும் முப்பத்தொன்று, பதினேழு, பதினான்கு என்று இறங்கியது. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரே ஒரு மருந்து மட்டும் ஏற்றினார்கள். நோய் திரும்பத் தலை தூக்காமல் பிடித்து வைத்திருக்கும் மருந்து அது. டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: எண் குறைந்தால் சந்தோஷம், ஏறினால் கவனிக்க வேண்டும், ஆனால் அது ஒரு துப்புதான். ஸ்கேன், எடை, மூச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். அத்தானின் காது ‘ஆனால்’ வரைக்கும் வேலை செய்தது.

அடுத்த ஞாயிறு அவர் கட்டம் போட்ட தாளோடு வந்தார். கூடத்தில் காலண்டர் இருந்த ஆணியில் அதை மாட்டினார். பதினாறில் சிவப்புக் கோடு இழுத்தார். எண்களைக் கையால் எழுதவில்லை. கையால் எழுதினால் இரண்டு சதவீதம் பிழை வருமாம். லேப் ரிப்போர்ட்டிலிருந்து அச்சடித்த எண்ணைக் கத்தரிக்கோலால் சின்னச் சதுரமாக வெட்டி, அந்தந்தக் கட்டத்தில் ஒட்டினார். நடுவில் சன்னல் வைத்த மிச்சத் தாளை அம்மா வாங்கி அடுக்களை டப்பாவுக்குள் வைத்துக்கொள்வார். எதையும் தூக்கிப் போடாத மனுஷி அவர். பின்பக்கம் மளிகைச் சாமான் எழுத உதவும்.

சீக்கிரமே அந்தத் தாள் வீட்டின் மூத்த உறுப்பினர் ஆகிவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முதலில் சுவரைப் பார்த்தார்கள், அப்புறம் அப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றும்போதே “இந்த வாரம் என்ன மார்க்கு?” என்று கேட்பார். அத்தான் குச்சி வைத்துக் காட்டி விளக்குவார். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரிப்போர்ட் எங்கே என்று யாரும் கேட்டதில்லை, சுவரைத்தான் பார்த்தோம். அப்பா மட்டும் ஒருநாள் முணுமுணுத்தார்: “தியேட்டர்ல கூட படத்தைப் பார்த்துட்டுத்தான் நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்லுவாங்க. இங்க போஸ்டரைப் பார்த்தே சொல்லிடுறாங்க.”

எட்டு மாதம் எண் பதினான்கு, பதினைந்து என்று சமர்த்தாக இருந்தது. ஒன்பதாவது மாதம் அப்பாவுக்கு முழங்கால் வீங்கியது. லேப்பில் எப்போதும் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். மாமாவை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று அத்தான் ஒரு ஏற்பாடு செய்தார். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மனுஷனுக்கு அப்பா மேல் பாசம் உண்டு, அதற்கு அவர் சதவீதம் சொன்னதே இல்லை. கீழ் வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற நர்ஸ் சனிக்கிழமை காலை வந்து ரத்தம் எடுத்துக் கொடுத்தார். “எங்கயும் நிக்காம நேராப் போங்க” என்றார். அத்தான் குழாயைச் சட்டைப் பையில் போட்டு, கையால் பொத்திப் பிடித்தபடி பைக்கை எடுத்தார். மதியம் திரும்பி வந்து, ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று அறிவித்தார். அம்மா அவருக்கு இரண்டு முறை காபி கொடுத்தார்.

திங்கள் மாலை ரிப்போர்ட்டை வாங்கி வந்தவர் கத்தரிக்கோல் எடுத்தார். வெட்டினார். ஒட்டினார். இறங்கி இறங்கித் தரையோடு போய்க்கொண்டிருந்த புள்ளிகளின் கடைசியில், விளக்குக் கம்பம் நட்டது மாதிரி அறுபத்தொன்று நின்றது.

அன்று கூடத்தில் நடந்ததைக் கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தான் தாளுக்குப் பக்கத்தில் நின்றார். மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்றார். கோட்டைத் தாண்டிய பிறகும் அதே கலவையை ஊற்றிக்கொண்டிருந்தால் மொத்த டின்னும் வீண் என்றார். டின் யார் என்று அம்மா கேட்டார். உதாரணம் அத்தை, என்றார் அத்தான். வியாழக்கிழமை ஏற்ற வேண்டிய மருந்தை நிறுத்த வேண்டும், டாக்டர் வெளியூரில் இருக்கிறார், அவர் வந்ததும் தாளைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டி வேறு மருந்து கேட்க வேண்டும். இதுதான் திட்டம்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “நான் தேற எத்தனை சதவீதம் மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

அத்தான் தரையைப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்து, கேட்ட பிறகும் அவர் சதவீதம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். அதனால்தான் எல்லோரும் நம்பிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வியாழக்கிழமை இடத்தை ரத்து செய்தார். மருந்து ஏற்றும் அறையின் நர்ஸ், டாக்டர் சொன்னாரா என்று கேட்டிருக்கிறார். “வீட்டுல தீர்மானிச்சிட்டோம்” என்று சொல்லியிருக்கிறார் அத்தான். இதை விட்டால் அடுத்த நாற்காலி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்று நர்ஸ் எச்சரித்ததையும், அதற்குத் தான் கம்பீரமாகப் ‘பரவாயில்லை’ என்றதையும் அவரே எங்களிடம் சொன்னார். போன முறை ஏற்றியதோடு சேர்த்தால் ஆறு வாரம். அந்த ரகப் புற்றுக்கு ஆறு வாரம் என்பது திறந்து விட்ட கதவு. இது எங்களுக்கும் தெரியும். ஆனால் சுவரில் அறுபத்தொன்று நின்றுகொண்டிருந்தது.

அப்பா அன்று முகம் மழிக்கவில்லை. தியேட்டர் காலத்திலிருந்து ஒருநாள் கூடத் தவறாத வேலை அது. தலைமாட்டில் எப்போதும் வைத்திருக்கும் பழைய டார்ச்சை எடுத்து, பேட்டரிகளைக் கழற்றி, தனியாகக் காகிதத்தில் சுற்றினார். ஏன் என்று கேட்டேன். “சும்மா கிடந்தா உள்ளேயே ஒழுகி டார்ச்சைக் கெடுத்துடும்” என்றார். டார்ச் சும்மா கிடக்கப் போகிறது என்று அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் கணக்கு உதைத்தது. முழங்கால் வீக்கம் வடிந்து, புதன்கிழமை அப்பா மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்வந்தார். மூன்று மாடி. மூச்சு வாங்கவில்லை. மாலை வந்த அத்தானிடம் அம்மா, அறுபத்தொன்று இந்த மனுஷனுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார்.

“உடம்பு ஏமாத்தும் அத்தை. எண் ஏமாத்தாது.”

“நாப்பது வருஷமா நான் பார்த்தது உடம்பை, மாப்பிள்ளை. எண் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது.”

அத்தான் சிரித்தார். படிக்காதவர்களிடம் பொறுமையாக இருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார்கள். அம்மா சாமான் எழுத டப்பாவிலிருந்து ஒரு தாளை உருவினார். சன்னல் வைத்த தாள். எழுத ஆரம்பித்தவர் நிறுத்தி, தாளைத் திருப்பி, என்னிடம் நீட்டினார். “இதுல மட்டும் கீழே சிவப்புல என்னமோ போட்டிருக்கே. மத்ததுல எல்லாம் இல்லையே?”

பொடி எழுத்து, ஆங்கிலம். படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்: மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன, அதனால் எண் பொய்யாக ஏறியிருக்கலாம், இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம், புதிய மாதிரி கொடுக்கவும்.

கத்தரிக்கோல் போன பாதைக்கு நாலு விரல் கீழே இருந்தது அந்த வரி.

அத்தான் என் கையிலிருந்து தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேப் ஆட்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சும்மா எழுதி வைப்பார்கள் என்றார். அக்கா அதற்குள் லேப்புக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்துவிட்டாள். ரத்தத்தைச் சோதிக்கும் பெண்ணே பேசினாள். குரலில் தூக்கமும் இல்லை, மரியாதையும் அதிகம் இல்லை. மாதிரி எண்ணைச் சொன்னதும், “அதுவா, நீங்க திரும்ப வருவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தோம். யாரு கொண்டு வந்தது?” என்றாள்.

“நான்தான்” என்றார் அத்தான், கொஞ்சம் நிமிர்ந்து.

“காலைல எட்டேகாலுக்கு எடுத்ததா ஒட்டியிருக்கு. எங்க கைக்கு வந்தது பதினொண்ணேகால். மூணு மணி நேரம் எங்க வச்சிருந்தீங்க?”

நேராகப் போங்கள் என்று கீழ் வீட்டு நர்ஸ் சொன்னார் அல்லவா, அத்தான் நேராகத்தான் போயிருக்கிறார். நேரான வழியில் அவருடைய கம்பெனி இருந்தது. ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்கலாம் என்று நுழைந்திருக்கிறார். ஒரு புள்ளி கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. இரண்டு மணி நேரம் கொதிக்கிற கொட்டகைக்குள் அங்குமிங்கும் நடந்திருக்கிறார், அப்பாவின் ரத்தம் சட்டைப் பையில் இருக்க. அப்புறம் தோண்டிப் போட்ட சாலையில் பைக். இதையெல்லாம் அவர் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார்.

“குலுக்கினீங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

இங்கேதான் அத்தான் முகம் தெளிந்தது. இவ்வளவு நேரத்தில் தனக்குத் தெரிந்த பாடத்திலிருந்து ஒரு கேள்வி. “உங்க கவுன்டர்ல குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், நல்லா முழுசா. கலக்காத சாம்பிள் பொய் சொல்லுமில்லையா?”

“சார், அது பெயிண்ட் இல்லை” என்றாள் அவள். அவருடையது பெயிண்ட் கம்பெனி என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். ஆனால் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். அந்தப் புரதம் புற்றில் மட்டும் இல்லை, நல்ல சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. அணு உடைந்தால் அது வெளியே கொட்டிவிடும். அதனால்தான் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மெஷினில் சுழற்றி, அணுக்களை அடியில் படிய வைத்து, மேலே தெளிந்து வரும் மஞ்சள் நீரைப் பிரிப்பார்கள். “உங்களது ரோஸ் கலர்ல வந்துச்சு. ரத்தத்தைக் கொண்டாங்கன்னா கிலுகிலுப்பை ஆட்டிக் கொண்டாந்திருக்கீங்க. அந்த அறுபத்தொண்ணுல உங்க மாமனாரோட நோய் எவ்வளவு, உங்க குலுக்கல் எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. புதுசா எடுங்க. நீங்க கொண்டு வராதீங்க.”

போன் வைத்த பிறகு அப்பா கட்டிலிலிருந்து கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம்.

“மாப்பிள்ளை, உங்க கம்பெனியில புள்ளி கோட்டைத் தாண்டினா முதல் வேலை என்ன?”

“சாம்பிளைத் திரும்ப எடுக்கணும், மாமா.”

“இதுக்கு ஏன் எடுக்கலை?”

அத்தான் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில், “அதைக் கொண்டு போனது நானாச்சே, மாமா” என்றார்.

இருபது வருடத்தில் ஒன்பது முறை மெஷினை நிறுத்தியவர். ஒன்பது முறையும் சந்தேகப்பட்டது அடுத்தவன் பிடித்த குப்பியை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அத்தானுக்குத் தன் சட்டைப் பையே தெரியவில்லை.

மணி எட்டரை ஆகியிருந்தது. பத்து மணி நாற்காலியை அவரே கை விட்டிருந்தார். போனில் கேட்டால் முடியாது என்பார்கள், நேரில் போய்க் கேளுங்கள் என்று அக்கா அவரை வாசலை நோக்கித் தள்ளினாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே வண்டியில் போனோம். கிளம்புவதற்கு முன் அப்பா முகம் மழித்துக்கொண்டார். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மருந்து ஏற்றும் அறை நர்ஸ் மூக்குக் கண்ணாடியைத் தலை மேல் ஏற்றி வைத்திருந்தார். பெயரைக் கேட்டதும் கண்ணாடி இறங்கியது. வீட்டுல தீர்மானிச்சவர் நீங்கதானா என்றார். அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். லேப்காரர்கள் முக்கியமான எச்சரிக்கையைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் போடுகிறார்கள், போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், சாலைகள் இந்த லட்சணத்தில் இருக்கின்றன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அத்தான் கூடத்தின் நாலு மூலையையும் கோணல் என்றார். “தொண்ணூத்தேழு சதவீதம் தப்பு அவங்க மேலதான்” என்று முடித்தார்.

நர்ஸ் அவசரமில்லாமல் கேட்டார்: “மீதி மூணு?”

அறையில் ஆறு நாற்காலிகள். ஆறு பேருக்கும் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள். அப்பா வாசலில் சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“அது நான்” என்றார் அத்தான்.

“மூணு சதவீதம் நீங்க. அதுக்கே ஒரு மனுஷனுக்கு ஆறு வாரம் மருந்தில்லாமப் பண்ணப் பார்த்தீங்க. முழு நூறும் நீங்களா இருந்தா என்ன ஆகியிருக்கும்?”

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினார். பத்து மணி இடம் போய்விட்டது. ஆனால் நாலு மணிக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல், வரவில்லை. பணியில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சரி என்றால் அந்த நாற்காலியைத் தரலாம் என்றார். “ரத்தம் இங்க நாங்களே எடுப்போம். நீங்க அந்த பெஞ்சில கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க.”

அவர் உண்மையாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை. கம்பெனியிலிருந்து போன் வந்தபோதும் எடுக்கவில்லை. டாக்டர் பார்த்தார், சரி என்றார். நாலு மணிக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. சனிக்கிழமை வந்த எண் பதினான்கு புள்ளி இரண்டு. அப்பா அதைக் கேட்டுவிட்டு, காகிதத்தைப் பிரித்து, டார்ச்சுக்குள் பேட்டரிகளைத் திரும்பப் போட்டு, ஒருமுறை சுவரில் இருந்த தாள் மேல் அடித்துப் பார்த்து அணைத்தார்.

அறுபத்தொன்றைக் கிழித்து எடுக்க அத்தானுக்கு மனம் வரவில்லை. பதிவை அழிப்பது முறையில்லையாம். அதற்குப் பதிலாகக் கம்பெனியிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் கொண்டுவந்து அதன் மேல் பூசினார். நல்ல கெட்டியான பெயிண்ட். சுவரிலும் பட்டுக் காய்ந்து மேடாக நிற்கிறது. பெரியப்பா அதைத் தடவிப் பார்த்து இது என்ன என்று கேட்டால், லேப்காரன் செய்த தப்பு என்று சொல்லிவிட்டு அத்தான் அக்காவின் கண்ணைத் தவிர்ப்பார். இப்போது ரிப்போர்ட்டை வெட்டுவதில்லை. முழுத் தாளையும் குத்தி மாட்டுகிறார். கடைசி வரியை முதலில் படிக்கிறார், அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

அந்த மூன்று சதவீதம் அப்படியே நிற்கவில்லை. அடுத்த ஸ்கேனில் மாற்றம் எதுவும் இல்லை என்றார்கள். திரும்பி வரும் வழியில் அத்தான், யோசித்துப் பார்த்தால் ஐந்து இருக்கும் என்றார். அக்காவின் பிறந்த நாளன்று பன்னிரண்டு ஆனது. ஒருநாள் கம்பெனியில் குப்பி பிடித்து வரும் ஆளிடம் மன்னிப்புக் கேட்டாராம். எதற்கு என்று அந்த ஆளுக்கு விளங்கவே இல்லை. அன்றைக்கு இருபது.

போன மாதம் எண் இருபத்திரண்டு வந்தது. ரத்தம் லேப்பிலேயே எடுத்தது, யாரும் குலுக்கவில்லை. அத்தான் சத்தம் போடவில்லை, கூட்டம் போடவில்லை. திரும்ப எடுக்கச் சொன்னார். இருபத்து மூன்று. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். ஒரு ஓரத்தில் சின்னதாக ஏதோ கிளம்பியிருக்கிறது என்றார். மருந்தை மாற்றி எழுதினார். இந்த முறை எண் சொன்னது மெய். அத்தான் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டு, பதிலைக் கடைசி வரைக்கும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வண்டியில் அத்தான் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

“மாமா, அன்னிக்கு நடந்ததுல நாப்பது சதவீதம் நான்தான்.”

அப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரமில்ல மாப்பிள்ளை. மெதுவா ஏத்துங்க. நீங்க நூறைத் தொடுற வரைக்கும் நான் இருந்து பார்க்கணும்ல.”